ஊற்றிலிருந்து கடல் வரை: சென் நதியின் வரவு செலவு



கொலேஜில் படிக்கும் எமது பிள்ளைகள் நதியைப் பற்றிய பாடத்தை வீட்டில் விரிக்கும்போது, எம்மில் பலர் "அதை நீயே பார்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். ஊரில் புவியியல் பாடத்திலே நாமும் படித்த விடயந்தான் அது. சொற்கள் மாத்திரம் மாறியிருக்கின்றன. நாம் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என்று படித்ததைப் பிள்ளைகள் 'அமோன்', 'அவால்' என்று படிக்கிறார்கள். நாம் பொங்குமுகம் என்று எழுதியதை அவர்கள் 'எஸ்த்துவேர்' என்று எழுதுகிறார்கள். இம்முறை நாம் வாழும் நகரத்தின் நதியையே எடுத்துக்கொண்டு, அது பிறக்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை நோக்குவோம். பிள்ளைகளின் பாடத்துக்கு மட்டுமன்றி, வீடு வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் இது உதவும். அதன் காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்தவர்களுக்கு ஆறு என்பது பெரும்பாலும் புத்தகத்தில் கண்ட பொருள். மாரியில் ஓடி கோடையில் வற்றும் வழுக்கியாறு ஒன்றே எமக்கு ஆறு. ஆகவே மகாவலியைப் படம் கீறித்தான் படித்தோம். அந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

உயரமே முதல்

கணக்கு எழுதுவது எமது தொழில் என்பதால் இதைக் கணக்காகவே சொல்கிறோம். ஒரு நதிக்கு முதல், அது பிறக்கும் உயரம். வரவு, மழையும் ஊற்றும் கிளையாறுகளும் தரும் நீர். செலவு மூன்று வகைப்படும்: நிலத்தை அரித்தல், அரித்ததைக் காவிச் செல்லுதல், கரையோடும் அடித்தளத்தோடும் உராய்தல். எங்கே நீரின் வலு குறைகிறதோ அங்கே நதி சுமையை இறக்கிவிடும். அதைப் படிதல் என்கிறோம். முதலில் கல் தங்கும், பிறகு மணல், கடைசியில் நுண்ணிய வண்டல். நதியும் அதன் பள்ளத்தாக்கும் மேலிருந்து கீழ்வரை மாறிச் செல்வதெல்லாம் இந்த மூன்று செலவுகளின் பங்கு மாறுவதனாலேயே.

சென் நதி டிஜோன் நகருக்கு வடமேற்கே, லாங்கர் மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 446 மீற்றர் உயரத்தில் பிறக்கிறது. அதன் நீளம் சுமார் 777 கிலோமீற்றர். பரிஸ் நகருக்கு வரும்போது நீர்மட்டம் ஏறக்குறைய 26 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. அதாவது முதல் 410 கிலோமீற்றரில் 420 மீற்றர் இறங்கிவிடுகிறது. ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். பரிசிலிருந்து கடல் வரை இன்னும் சுமார் 365 கிலோமீற்றர் ஓட வேண்டும். கையிருப்போ 26 மீற்றர் மாத்திரமே. கிலோமீற்றருக்கு 7 சென்ரிமீற்றர். இப்படிச் சிக்கனமாக இறங்கும் நதி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மகாவலியின் கணக்கு வேறு. 2000 மீற்றருக்கு மேற்பட்ட மலைகளில் பிறந்து 335 கிலோமீற்றரில் கடலை அடைகிறது. கிலோமீற்றருக்குச் சராசரியாக ஆறு மீற்றர் இறக்கம். ஆகவேதான் அதன் மேற்பகுதியில் ஆழ்ந்து குறுகிய பள்ளத்தாக்குகளும் நீர்வீழ்ச்சிகளும் இருக்கின்றன. கொத்மலை, விக்ரோரியா, ரந்தெனிகல என்று நீர்மின் அணைகள் வரிசையாக எழுந்ததும் அந்த இறக்கத்தை நம்பித்தான். புத்தகத்தில் காட்டும் ஆங்கில 'வி' எழுத்து வடிவப் பள்ளத்தாக்கைப் பார்க்க விரும்பும் பிள்ளைக்குச் சென் நதியைவிட மகாவலியே நல்ல உதாரணம்.

ஊற்றும் ஒரு கோயிலும்

சென் நதியின் ஊற்று இருக்கும் நிலத்தைப் பரிஸ் மாநகரம் 1864இல் விலைக்கு வாங்கியது. அங்கே ஒரு சிறு செயற்கைக் குகையும் அதற்குள் ஒரு கல் நங்கையும் உண்டு. ஆனால் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவ்விடத்தில் கோயில் இருந்தது. உரோமர் காலத்துக் கோல் மக்கள் செக்குவானா என்னும் நதித் தெய்வத்தை அங்கே வழிபட்டனர். நதியின் பெயரே அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. வாத்து வடிவ முனை கொண்ட படகிலே நிற்கும் செக்குவானாவின் வெண்கலச் சிலை 1933இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது டிஜோன் தொல்பொருட் காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கோயிலின் எச்சங்களிலே கல்லிலும் வெண்கலத்திலும் மரத்திலும் செய்த கண், கை, கால் முதலான உறுப்புகளின் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. நோய் தீர வேண்டியவர்கள் வைத்த நேர்த்திக்கடன்கள் அவை. கண் நோய்க்கு வெள்ளியில் கண்மலர் சாத்தும் எமக்கு இதை விளங்கிக்கொள்ள விளக்கவுரை தேவையில்லை.

ஊற்றிலே நதி ஒரு எட்டில் தாண்டக்கூடிய ஓடை. அந்த நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் நீர் இறங்கும், ஓரிடத்தில் மறைந்து வேறோரிடத்தில் வெளிவரும். ஆகவே கடும் கோடையில் இளம் சென் நதி சத்தியோன் என்ற ஊருக்கு மேலே சில இடங்களில் வற்றியே போவதுண்டு. அந்த ஊரிலே பாறையின் அடியிலிருந்து துய் என்னும் ஊற்று பெருகி வந்து நதியில் சேர்கிறது. கீரிமலைக் கேணியை அறிந்த எமக்கு இது புதுமையல்ல. குடாநாட்டின் நிலமும் சுண்ணாம்புக்கல்தான். மழைநீர் நிலத்தடியில் தங்கி, கடலோரத்தில் நன்னீராக வெளிவருவதும், நிலாவரைக் கிணற்றின் ஆழமும் அதே காரணத்தினால் வந்தவை. ஊரில் ஆறு இல்லாமற் போனதற்கும் அதுவே ஒரு காரணம். எமது ஆறு நிலத்துக்கு அடியில் இருந்தது என்று சொல்லலாம்.

நடுப்பகுதி: கிளையாறுகள் சேரும் இடம்

துறுவா நகரைக் கடந்தபின் பள்ளத்தாக்கு விரிகிறது. சீமைச்சுண்ணாம்பு நிலத்தின்மேல் நதி அகன்று, பக்கங்களில் வெள்ளச் சமவெளியை அமைக்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் கரை மீறி வண்டலைப் பரப்பிவிட்டுப் போன இடமே வெள்ளச் சமவெளி. அது நதி வழக்கமாக உறங்காத, ஆனால் நதிக்கே உரிய படுக்கை.

பிறகு ஓப் நதி சேர்கிறது. மோந்தரோ என்னும் இடத்தில் யோன் நதி சேர்கிறது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சந்திப்பில் யோன் கொண்டுவரும் நீர், சராசரியாகப் பார்த்தால், சென் கொண்டுவரும் நீரிலும் அதிகம். நீரின் அளவை வைத்துப் பெயர் சூட்டியிருந்தால் பரிசின் நடுவே ஓடுவது யோன் நதியாகவே இருந்திருக்கும். பரிசின் வாசலில், சரந்தோன் அருகே, மார்ன் நதியும் வந்து சேர்கிறது. இப்படி வரவு கூடிக்கூடி, பரிஸ் நகரில் சராசரியாக வினாடிக்கு 300 கனமீற்றருக்கு மேல் நீர் ஓடுகிறது.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வரும். மேற்பகுதியில் நீர் வேகமாகவும் கீழ்ப்பகுதியில் மெதுவாகவும் ஓடுகிறதா? மேலே இரைச்சலும் நுரையும் இருப்பதால் அப்படித் தோன்றும். 1953இல் லியோபோல்ட், மடொக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆறுகளை அளந்து பார்த்தபோது, கீழ்நோக்கிச் செல்லச் செல்லச் சராசரி வேகம் குறையாமல் இருப்பதையும் சிறிது கூடுவதையும் கண்டார்கள். மேலே சிறு ஓடை, கற்களோடு மோதி வலுவை இழக்கிறது. கீழே சரிவு குறைந்தாலும் நீர் ஆழமானது, அடித்தளம் வழவழப்பானது, உராய்வின் பங்கு குறைவு. கடையிலே சிறு வியாபாரிக்கு வாடகை பெருஞ் செலவாகவும் பெரிய வியாபாரிக்கு அதே வாடகை சிறு செலவாகவும் இருப்பதைப் போன்றது இது.

லாச்சப்பலுக்கு வருவோம். எமது கடைகள் நிறைந்த இந்தப் பகுதி மொன்மார்த்துக் குன்றுக்கும் கிழக்கே உள்ள பெல்வில் மேட்டுக்கும் இடையிலுள்ள கணவாய். மிகப் பழைய காலத்தில் சென் நதியின் ஒரு கிளை இந்தக் குன்றுகளின் தெற்கு அடிவாரமாக, இன்றைய ரிப்பப்ளிக், சன் லசார் பகுதிகளூடாக வளைந்து ஓடியது. நதி அந்தக் கிளையை விட்டுவிட்டது. ஆனால் தாழ்வு இன்னும் இருக்கிறது. லாச்சப்பலில் இருந்து மெத்ரோவில் ஒரு தரிப்பிடம் தள்ளி ஸ்ரலின்கிராட்டில் இறங்கினால் காணும் நீர்த்தடாகத்துக்கு நீரைத் தருவது ஊர்க் கால்வாய். மார்ன் நதியில் சேரும் ஊர்க் ஆற்றின் நீரை நகருக்குக் கொண்டுவர 1802இல் நெப்போலியன் ஆட்சியில் முடிவானது. அங்கிருந்து 1825இல் திறக்கப்பட்ட சன் மார்த்தான் கால்வாய் வழியாக அந்த நீர் சென் நதியை அடைகிறது. ஆகவே நதியின் ஒரு சிறு கிளை எமது வாசலிலேயே இருக்கிறது.

கீழ்ப்பகுதி: வளைவுகள்

பரிசைக் கடந்ததும் நதி நேராக ஓட மறுக்கிறது. பரிசிலிருந்து கடலோர லூ ஆவ்ர் நகரம் பறவை வழியில் சுமார் 180 கிலோமீற்றர். நதிக்கோ அதைப்போல இரண்டு மடங்கு. பிரெஞ்சுப் புத்தகத்தில் 'மேயாந்ர்' எனப்படும் இந்த வளைவுகளைப் படத்தில் பார்த்தால் பாம்பு நெளிவதைப் போலிருக்கும்.

காரணம் எளிது. வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாகவும் ஆழமாகவும் ஓடிக் கரையை அரிக்கிறது. உட்பக்கத்தில் வலுக் குறைந்து மணலை இறக்குகிறது. வெளிப்பக்கம் செங்குத்தாகவும் உட்பக்கம் சாய்வாகவும் ஆகிறது. இதனால் வளைவு மேலும் வளையும். உவாஸ் நதி சேரும் கொன்ஃப்ளான் நகரைத் தாண்டி லே ஆந்தலி வரை சென்றால், வெளிப்பக்கத்தில் உயர்ந்த வெண்ணிறப் பாறைச் சரிவுகளையும் உட்பக்கத்தில் தட்டையான வயல்களையும் கண்ணாரக் காணலாம். இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சார்ட் 1196 முதல் 1198 வரை கட்டிய காயார் கோட்டை அந்தச் சரிவின் உச்சியில் நிற்கிறது. நதியைக் காவல் செய்ய அதைவிடச் சிறந்த இடம் இல்லை. கோட்டைக்கான இடத்தை முதலில் தெரிவு செய்து கொடுத்தது நதியின் அரிப்புத்தான்.

முகம்: நதியும் கடலும்

கடலிலிருந்து சுமார் 160 கிலோமீற்றர் உள்ளே இருக்கும் போஸ் அணைக்கட்டு வரை கடலின் வற்றுப்பெருக்கு உணரப்படுகிறது. அதற்குக் கீழே நதியின் நீர்மட்டம் நாளுக்கு இரு தடவை ஏறி இறங்கும். முன்னாளில் பெருக்கு நேரத்தில் கடல் அலையொன்று நதியில் எதிர்த்து ஏறி வரும். அதை 'மஸ்கரே' என்றனர். ஆற்றை ஆழமாக்கி, கரைகளைக் கட்டியதன் பின் 1960களில் அது மறைந்தது.

நதி கொண்டுவந்த நுண்ணிய வண்டல் கடலோடு சந்திக்கும் இடத்தில் படிந்தது. ஆர்ஃப்ளேர் என்ற பழைய துறைமுகம் இப்படித் தூர்ந்து போனதால், முதலாம் பிரான்சுவா மன்னன் 1517இல் லூ ஆவ்ர் துறைமுகத்தை நிறுவினான். ஒரு துறைமுகத்தை மூடியதும் இன்னொன்றைத் திறக்க வைத்ததும் வண்டலே.

காவேரிக்குத் தஞ்சைக் கழிமுக நிலம் இருக்க, சென் நதிக்கு ஏன் அப்படியொன்று இல்லை? லூ ஆவ்ரில் கடல் 7 மீற்றர் வரை ஏறி இறங்கும். அந்த நீரோட்டம் வண்டலை ஓரிடத்தில் குவிய விடாமல் அள்ளிச் செல்கிறது. ஆகவே முகம் புனல் போல விரிந்து பொங்குமுகமாகிறது. வங்கக் கடலோரம் வற்றுப்பெருக்குக் குறைவு. திருகோணமலையில் ஒரு மீற்றர் கூட இல்லை. மகாவலி தனது கடைசிப் பகுதியில் பிரிந்து, ஒரு கிளை கொட்டியார் குடாவிலும், வெருகலாறு என்ற கிளை தெற்கே தள்ளியும் கடலைச் சேர்கின்றன. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் அந்தக் கிளையின் கரையில்தான் இருக்கிறது.

வெள்ளம்: நதி தன் இடத்தைக் கேட்கும் நாள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியதை நாம் மறக்கவில்லை. ஒரே மழை. மலைநாட்டில், செங்குத்தான பள்ளத்தாக்குகளில், அது மண்சரிவாக வந்து தோட்டத் தொழிலாளர் குடும்பங்களையும் கிராமங்களையும் புதைத்தது. மகாவலியின் கீழ்ப்பகுதியில், மூதூர், வெருகல் பக்கங்களில், அது வெள்ளமாகப் பரந்து வீடுகளை மூழ்கடித்தது. மேலே சரிவு, கீழே வெள்ளம்: பாடப் புத்தகத்தில் படித்த மேற்பகுதி, கீழ்ப்பகுதி வேறுபாட்டுக்கு உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன.

சென் நதியின் வெள்ளம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். 1910 ஜனவரி 28ஆம் நாள் ஒஸ்தர்லிட்ஸ் பாலத்தில் நீர்மட்டம் 8.62 மீற்றரைத் தொட்டது. மெத்ரோ சுரங்கங்களுக்குள் நீர் புகுந்தது. நதிக்கரையிலிருந்து தள்ளியிருக்கும் சன் லசார் புகையிரத நிலையத்தின் முன்னே படகு ஓடியது. நதி விட்டுச் சென்ற பழைய கிளையின் தாழ்வு அங்கே இருப்பதை மேலே சொன்னோம். 2016 ஜூனில் நீர்மட்டம் 6.10 மீற்றர், 2018 ஜனவரியில் 5.88 மீற்றர். இவ்விரு முறையும் யேர் ஆறு சென் நதியில் சேரும் வில்நெவ் சன் ஜோர்ஜில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அந்த ஊரின் ஒரு பகுதியில், அடிக்கடி மூழ்கும் வீடுகளை அரசாங்கத் தரப்பே வாங்கி இடித்து, நிலத்தை ஆற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை நடந்து வருகிறது.

மேற்பகுதியில் நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள் உண்டு. யோன் நதிக்கு 1949இலும், சென் நதிக்கு 1966இலும், மார்ன் நதிக்கு 1974இலும், ஓப் நதிக்கு 1990இலும் இவை அமைந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 80 கோடி கனமீற்றர். மாரியில் நீரைச் சேமித்துக் கோடையில் திறந்துவிடுவதே இவற்றின் வேலை. ஆயினும் 1910இல் வந்தது போன்ற வெள்ளத்தை இவை குறைக்கலாமேயன்றி முற்றாகத் தடுக்க முடியாது.

வீடு வாங்குவோர் கவனத்துக்கு

பல ஆண்டுகள் வாடகை அறைகளில் இருந்து, சீட்டுப் பிடித்து, இரட்டை வேலை செய்து, எமது குடும்பங்கள் புறநகர்களில் தோட்டமுள்ள வீடு வாங்குகின்றன. அத்தகைய பத்திரங்கள் கணக்கு வேலை காரணமாக எமது கைக்கும் வருவதுண்டு. விலை குறைவு, ஆற்றங்கரை, அமைதியான தெரு என்று மகிழ்ந்து வாங்கிய வீடு வெள்ளச் சமவெளியில் இருப்பதைக் கையொப்பமிட்ட பின் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சிலவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: வீடு விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அவ்விடத்தின் இயற்கை அபாயங்களைக் கூறும் 'எதா தே றிஸ்க்' என்னும் பத்திரத்தைத் தர வேண்டும். இது 2006 முதல் சட்டம். 2023 ஜனவரி முதல், வீட்டை முதன்முறை பார்க்கும்போதே அது காட்டப்பட வேண்டும். பிரெஞ்சு வாசிப்புச் சிரமமென்றால் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நொத்தாரிசிடம் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம்.

இரண்டு: நகரசபையில் வெள்ள அபாய வரைபடம் உண்டு. வீட்டிலக்கத்தைச் சொல்லிப் பார்க்கலாம். அரசின் 'ஜெயோறிஸ்க்' இணையத்தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம்.

மூன்று: ஆற்றைக் காணாத வீடும் நனையலாம். வெள்ளக் காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து நிலவறைக்குள் வரும். கடைக்காரர்கள் அரிசி மூடைகளையும் குளிரூட்டிகளையும் நிலவறையில் வைக்கும்போது இதை நினைக்க வேண்டும்.

நான்கு: 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுக் காப்புறுதியில் இயற்கை அனர்த்தப் பாதுகாப்பும் அடங்கும். அதற்கான மேலதிகக் கட்டணம் 2025 ஜனவரியில் 12 வீதத்திலிருந்து 20 வீதமாக உயர்ந்தது. மேட்டில் இருப்பவரும் பள்ளத்தில் இருப்பவரும் ஒரே வீதத்தில் செலுத்துகிறோம். நட்டஈடு பெற, அரசாங்கம் அந்த ஊரை அனர்த்தப் பகுதியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அறிவித்த 30 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு முறைப்பாடு கொடுக்க வேண்டும். வீட்டுக்கான முதல் 380 யூரோ எமது பொறுப்பு. பொருட்களின் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் வேறிடத்தில் பாதுகாத்து வையுங்கள்.

நதியில் சேர்வது எல்லாம் கடலுக்கே

நதி மண்ணை மட்டும் சுமப்பதில்லை. பரிசில் 1923இல் சென் நதியில் குளிப்பது தடைசெய்யப்பட்டது. பெருமழையில் கழிவுநீர் நதிக்குள் வழியாதிருக்க, ஒஸ்தர்லிட்ஸ் அருகே 50,000 கனமீற்றர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி 2024இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஒலிம்பிக் வீரர்கள் நதியில் நீந்தினர். 2025 ஜூலையில் பொதுமக்களுக்கும் மூன்று இடங்களில் குளிக்க அனுமதி கிடைத்தது. நூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பிய நீர் இது. கால்வாயோரம் நாம் விட்டுவரும் ஒரு பொலித்தீன் பையும் இதே வழியாக லூ ஆவ்ர் வரை போகும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

சிறுவர்களுக்கான கேள்விகள் (விடைகள் கட்டுரையிலேயே உண்டு. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிப் பழகுங்கள்.)

1. ஊற்றிலிருந்து பரிஸ் வரை சென் நதி ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு இறங்குகிறது? பரிசிலிருந்து கடல் வரை எவ்வளவு?
2. துய் ஊற்றுக்கும் கீரிமலைக் கேணிக்கும் பொதுவான காரணம் என்ன?
3. வளைவின் எந்தப் பக்கத்தில் அரிப்பும் எந்தப் பக்கத்தில் படிதலும் நிகழும்? படம் கீறிக் காட்டுக.
4. காவேரிக்குக் கழிமுக நிலமும் சென் நதிக்குப் பொங்குமுகமும் அமைந்தது ஏன்?
5. உங்கள் வீடு எந்த ஆற்றின் வடிநிலத்தில் இருக்கிறது? வெள்ள வரைபடத்தில் அதன் நிறம் என்ன? இந்த ஒரு கேள்விக்கு மாத்திரம் அப்பா அம்மாவோடு சேர்ந்து தேடி விடை எழுதுக.